சுரங்கத்தை மூடினார்கள், புகை வீட்டுக்குள் புகுந்தது

வேலை போன தொழிலாளியைப் பார்த்து மேல்தட்டு மனிதர்கள் எந்த நாட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சோற்றுக்கு வழி இல்லை என்கிறானே, சிகரெட்டுக்கு மட்டும் காசு எங்கிருந்து வருகிறது?"

கேட்பவருக்குப் பதில் தேவையில்லை. தொழிலாளியின் வறுமைக்குத் தொழிலாளியே காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவர் கேட்கிறார். ஆனால் நமக்குப் பதில் வேண்டும். ஏனென்றால் அந்தப் புகை தொழிலாளியின் நெஞ்சிலும், அவன் மனைவியின் நெஞ்சிலும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சிலும் போய்த் தங்குகிறது.

பதில் சொல்லும் ஆராய்ச்சிகள் இப்போது இருக்கின்றன. நார்வேயிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பொருளாதாரப் பேராசிரியர்கள் இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் தொழிற்சங்க மேடையில் பேசுகிறவர்கள் அல்ல. ஏடுகளையும் புள்ளிவிவரங்களையும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்கிறவர்கள். அவர்கள் கணக்கு சொல்வது இதுதான்: ஆலையையோ சுரங்கத்தையோ மூடி ஆளை வெளியே தள்ளினால், வெளியே தள்ளப்பட்டவர்களிடையே புகைப்பது கூடுகிறது. வேலை இருந்தபோது விட்டுவிட்டவன் மறுபடி தொடுகிறான். தொடாதவனும் தொடுகிறான்.

அப்படியானால் அந்தச் சிகரெட்டின் விலையை யார் கணக்கில் எழுதுவது? தொழிலாளி கணக்கிலா, வேலையைப் பறித்தவர் கணக்கிலா? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட நிலக்கரிச் சுரங்கத்தைவிடத் தெளிவான இடம் கிடையாது. அதிலும் பிரிட்டனின் சுரங்கங்கள்.

பதினோரு லட்சம் பேர் இருந்த தொழில்

1913ல் பிரிட்டனின் சுரங்கங்கள் 28 கோடி 70 லட்சம் டன் நிலக்கரி வெட்டி எடுத்தன. சுமார் 11 லட்சம் பேர் அதில் உழைத்தார்கள். அந்த நாட்டின் ரயிலும் கப்பலும் நூற்பாலையும் இரும்பு உலையும் அந்தக் கரியால் ஓடின. 1947 ஜனவரி 1ந் தேதி சுரங்கங்கள் தனியார் கையிலிருந்து தேசவுடைமையாயின. அப்போது சுமார் 7 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள்.

பிறகு எண்ணெய் வந்தது, யந்திரம் வந்தது. 1960களில் மட்டும் நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சுரங்கம் மூடினால் பக்கத்துச் சுரங்கத்தில் இடம் இருந்தது. தொழிற்சாலைகளும் ஆள் எடுத்தன. அடி விழுந்தாலும் தாங்கிக்கொள்ளத் தரை இருந்தது.

1984ல் தரையையே பெயர்த்தார்கள். மார்கரெட் தாட்சரின் சர்க்கார் இருந்த காலம். அந்த ஆண்டு மார்ச் 6ந் தேதி, இயான் மக்கிரெகர் தலைமையில் இருந்த நிலக்கரி வாரியம், 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. யார்க்ஷயரில் கார்டன்வுட் என்ற சுரங்கத்தில் பிடித்த தீ நாடெங்கும் பரவியது. லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கைதுகள் நடந்தன. சம்பளம் இல்லாத அந்த ஒரு வருஷமும் பெண்கள் பொதுச் சமையற்கூடம் நடத்தி ஊருக்குச் சோறு போட்டார்கள். 1985 மார்ச் 3ந் தேதி ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே வேலைக்குத் திரும்ப முடிவாயிற்று.

அதன்பின் மூடுவிழா நிற்கவில்லை. 1992 அக்டோபரில் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன், மீதமிருந்த 50 சுரங்கங்களில் 31ஐ மூடுவதாகவும் 30,000 பேருக்கு வேலை போகும் என்றும் அறிவித்தார். 1994ல் எஞ்சியதைத் தனியாருக்கு விற்றார்கள். 2015 டிசம்பர் 18ந் தேதி யார்க்ஷயரின் கெல்லிங்லி சுரங்கத்தில் கடைசி ஷிப்டு மேலே ஏறி வந்தது. பிரிட்டனின் ஆழ்சுரங்கத் தொழில் அத்துடன் முடிந்தது. 2024 செப்டம்பர் 30ந் தேதி கடைசி நிலக்கரி மின்நிலையமும் நின்றுவிட்டது.

வேலையற்றவன் எங்கே மறைந்தான்?

இவ்வளவு பேர் வேலை இழந்தார்களே, வேலையற்றோர் எண்ணிக்கை வானளாவ உயர்ந்திருக்க வேண்டாமா? சர்க்கார் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இது எப்படி?

ஷெபீல்டு நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா பீட்டி, ஸ்டீவ் பாதர்கில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1996ல் இந்தப் புதிரை அவிழ்த்தார்கள். சுரங்கப் பகுதிகளில் வேலை போன ஆண்களில் பெரும் பகுதியினர் வேலையற்றோர் பட்டியலில் இல்லை. நிரந்தர நோயாளி, உழைக்க இயலாதவர் என்ற பட்டியலில் இருந்தார்கள். சுரங்கம் திறந்திருந்தால் இவர்களில் எத்தனையோ பேர் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். வேலை இல்லாததால் நோயாளிப் பட்டியலில் ஒதுங்கினார்கள். சர்க்காருக்கும் வசதி: வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டலாம் அல்லவா?

வேலை நீக்கத்துக்குப் பணம் கொடுத்தார்களே என்று சிலர் சொல்வார்கள். ஆம், 1984ல் சேவை வருஷம் ஒன்றுக்கு 1,000 பவுன் என்று ஆசை காட்டினார்கள். இருபது வருஷம் உழைத்தவனுக்கு 20,000 பவுன். கையில் வாங்கும்போது அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பணம் தீரும் நாள் ஒன்று உண்டு. வேலை வரும் நாள் மட்டும் தெரியவில்லை. கிரைம்தார்ப் என்ற சுரங்கக் கிராமத்தில் 1993ல் சுரங்கம் மூடியது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய யூனியனின் ஆய்வு ஒன்று அதை நாட்டின் மிக ஏழ்மையான கிராமம் என்று குறித்தது.

சுரங்கம் மூடினால் சுரங்கத் தொழிலாளியோடு போவதில்லை. அமெரிக்காவில் கென்டக்கி, ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களின் நிலக்கரி வட்டாரங்களைப் பற்றி டான் பிளாக், டெரா மக்கினிஷ், செத் சாண்டர்ஸ் என்போர் 2005ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 1980களின் சரிவில் சுரங்கத்தில் 10 பேருக்கு வேலை போனபோது, கடை, கட்டட வேலை, சில்லறைத் தொழில்களில் மேலும் 3 அல்லது 4 பேருக்கு வேலை போயிற்று என்று கண்டார்கள். கரி வெட்டியவனின் கூலியில்தான் தையற்காரனும் கொத்தனாரும் கடைக்காரனும் பிழைத்தார்கள்.

குழிக்குள் தீக்குச்சி கிடையாது

சுரங்கத் தொழிலாளிக்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவு மற்றத் தொழிலாளிகளுடையது போன்றதல்ல. இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

நிலக்கரிப் பாறையில் மீதேன் வாயு கசியும். அது காற்றோடு கலந்து நிற்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் போதும், சுரங்கமே வெடிக்கும். அதனால் இத்தகைய சுரங்கங்களுக்குள் சிகரெட்டும் தீக்குச்சியும் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். இறங்கும் முன் சட்டைப்பையைச் சோதனை போடுவார்கள். ஒருவன் ஒளித்துவைத்த தீக்குச்சி நூறு பேர் உயிரைக் குடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் பலர் கீழே இருக்கும்போது புகையிலையை மென்றார்கள், அல்லது மூக்குப்பொடி போட்டார்கள். மேலே வந்ததும் பற்றவைத்தார்கள்.

சுரங்கத் தொழிலாளி புகைக்காத உத்தமன் என்று சொல்லவில்லை. நன்றாகவே புகைத்தான். ஆனால் ஒரு நாளில் ஏழு எட்டு மணி நேரம் அவன் கைக்கும் சிகரெட்டுக்கும் நடுவே ஆயிரம் அடி மண் இருந்தது. தொழிலே அவனுக்கு ஒரு கட்டுப்பாடு. சுரங்கத்தை மூடியபோது அந்தக் கட்டுப்பாடும் போயிற்று. இருபத்துநாலு மணி நேரமும் அவன் தரைக்கு மேலே, வீட்டுக்குள்ளே. பொழுது நீளுகிறது. பேச்சுத்துணைக்கு ஷிப்டுத் தோழர்கள் இல்லை. முன்பு சுரங்க வாசலில் ஊதிய புகையை இப்போது அடுப்பங்கரையில் ஊதுகிறான்.

முட்டை முந்தியா, கோழி முந்தியா?

வேலையற்றவர்கள் வேலையில் இருப்பவர்களைவிட அதிகம் புகைக்கிறார்கள் என்பது வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. அதை வைத்து முதலாளி தரப்பு என்ன சொல்லும்? "புகைக்கிறவன் சோம்பேறி, அடிக்கடி சீக்கு என்று லீவு போடுகிறவன், அதனால் அவனுக்கு வேலை போயிற்று." வேலை போனதால் புகையா, புகையால் வேலை போயிற்றா?

இந்த வாதத்தை முறிக்க ஆராய்ச்சியாளர்கள் எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ஆளைத் தனியாகப் பொறுக்கி நீக்கினால், அவனிடம் குறை இருந்தது என்று சொல்லலாம். ஆனால் ஸ்தாபனத்தையே மூடும்போது? பூட்டுப் போடும்போது யார் புகைப்பவன், யார் புகைக்காதவன் என்று பார்த்துப் போடுவதில்லை. கெட்டிக்காரன், மந்தன், இளைஞன், கிழவன் எல்லாரும் ஒரே நாளில் வெளியே. ஆகவே மூடிய ஆலையின் தொழிலாளிகளையும், மூடாத ஆலையில் அவர்களைப் போன்றே உள்ள தொழிலாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வித்தியாசம் எதனால் வந்தது என்பது வெளிச்சமாகும்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் என்ன?

நார்வே நாட்டில் சாண்ட்ரா பிளாக், பால் டெவரோ, ஷெல் சல்வானெஸ் ஆகியோர் நாற்பது வயதை ஒட்டிய ஆண் பெண் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். சுரங்கம் மட்டுமல்ல, எல்லாத் தொழில்களும் அதில் அடக்கம். வேலை போனவர்களின் இருதய நலம் கெடுகிறது, அந்தக் கேட்டின் பெரும்பகுதி புகைப்பது கூடியதால் வருகிறது என்று கண்டார்கள். நார்வே பணக்கார நாடு. வேலையற்றோருக்கு உதவித்தொகை தாராளமாகக் கொடுக்கும் நாடு. அங்கேயே இந்தக் கதி!

ஜெர்மனியில் யான் மார்க்கஸ் என்பவர் 2014ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆலை மூடியதால் வேலை இழந்தவர்கள் புதிதாகப் புகைக்கத் தொடங்குவது கூடுகிறது என்று காட்டினார்.

அமெரிக்காவில் 2005ல் வெளிவந்த ஆராய்ச்சி ஐம்பது வயதைக் கடந்த தொழிலாளிகளைப் பற்றியது. முன்பே புகையை விட்டுவிட்டவர்கள், வேலை போனதும் மறுபடி அதைத் தொடும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. புகைத்துக்கொண்டிருந்து, வேறு வேலையும் கிடைக்காதவர்கள் முன்னைவிட அதிகச் சிகரெட் பிடித்தார்கள்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கிறது? கரிக்கும் எஃகுக்கும் பேர்போன பென்சில்வேனியாவில், பல வருஷம் சேவை செய்து வேலை இழந்த ஆண் தொழிலாளிகளை டேனியல் சல்லிவன், டில் வான் வாக்டர் இருவரும் தொடர்ந்து கவனித்தார்கள். வேலை போன அடுத்த வருஷத்தில் அவர்களிடையே சாவு 50 முதல் 100 சதவீதம் வரை கூடியது. இருபது வருஷம் கழிந்த பின்னும் 10 முதல் 15 சதவீதம் அதிகமாகவே இருந்தது. நாற்பது வயதில் வேலை இழந்தவன் ஆயுளில் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் இழக்கிறான் என்று 2009ல் எழுதினார்கள். அவ்வளவும் சிகரெட்டால் என்று அவர்கள் சொல்லவில்லை. வறுமை, கவலை, மருத்துவம் இல்லாமை எல்லாம் சேர்ந்தது. ஆனால் கதவடைப்பு நோட்டீஸ் மனிதனின் ஆயுளையும் வெட்டுகிறது என்பது கணக்கில் ஏறிவிட்டது.

"மந்தம் வந்தால் ஆரோக்கியம் கூடும்" என்ற வாதம்

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. கிறிஸ்டபர் ரூம் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 2000த்திலும் 2005லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், தொழில் மந்தம் வரும்போது நாட்டில் மொத்தத்தில் புகைப்பது குறைகிறது என்று கண்டார். கையில் காசு குறைந்தால் சிகரெட் வாங்குவதும் குறைகிறது. ஓவர்டைம் குறைந்தால் உடலுக்கு ஓய்வும் கிடைக்கிறது என்பது விளக்கம்.

இரண்டும் எப்படி உண்மையாகும்? நாடு முழுவதையும் ஒரே சாக்கில் போட்டு எடை பார்த்தால் ஒரு கணக்கு வரும். வேலை போனவன் வீட்டை மட்டும் தனியே எடை பார்த்தால் வேறு கணக்கு வரும். மந்த காலத்தில் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு வேலை இருக்கிறது. அவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். வேலை இழந்த சிலரின் வீட்டில் நடப்பது அந்தப் பெரிய கூட்டுத்தொகையில் மூழ்கிவிடுகிறது. கண்மாய் நிறைந்திருக்கிறது என்று மேட்டிலிருந்து பார்க்கிறவன் சொல்வான். கடைமடைக்காரன் வயல் காய்ந்து கிடப்பது அவன் கண்ணுக்குப் படாது.

அதிலும் சாதாரண மந்தம் வேறு, சுரங்கம் மூடுவது வேறு. மந்தம் வந்து போகும். மூடிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும். அது திரும்பத் திறப்பதில்லை.

மனைவிக்கு இரண்டு பக்கமும் இடி

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வேலை போனவன் வீட்டுப் பெண்ணின் நிலை அதுதான்.

மேலே சொன்ன யான் மார்க்கஸ் 2013ல் இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டார். ஆலை மூடி ஒருவர் வேலை இழந்தால், வாழ்க்கைத்துணையின் மன நலம் எவ்வளவு கெடுகிறது? ஏறத்தாழ வேலை இழந்தவருக்குக் கெடுகிற அளவுக்கே கெடுகிறது! நோட்டீஸில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அடி இரண்டு பேர் மேல் விழுகிறது.

பிரிட்டனில் ஹிலாரி கிரகாம் என்ற அம்மையார் ஏழைக் குடும்பத் தாய்மார்கள் ஏன் புகைக்கிறார்கள் என்று 1980களிலும் 1990களிலும் ஆராய்ந்தார். அவர் கண்டது மனத்தைத் தொடும். அறியாமையால் அவர்கள் புகைக்கவில்லை. கெடுதல் என்று தெரிந்தே புகைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, துணி, கடன், வாடகை என்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும் பெண்ணுக்கு, ஒரு சிகரெட் நேரம்தான் தனக்கென்று கிடைத்த ஐந்து நிமிஷம். தனக்காக அவள் செய்யும் செலவும் அது ஒன்றுதான். தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவளும் அதைக் குறைக்கவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவள் கொடுக்கும் விலை என்ன? வீட்டுக்குள் பிடிக்கும் புகை குழந்தையை விடாது. கைக்குழந்தையின் திடீர்ச் சாவு, மார்ச்சளி, இழுப்பு, காதில் சீழ் — இவை எல்லாம் புகைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு அதிகம் என்று மருத்துவ விஞ்ஞானம் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருக்கிறது. பெற்றோர் இருவரும் புகைத்தால், பிள்ளையும் வளர்ந்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்.

இப்படி ஒரு சுரங்கத்தை மூடிய நாளின் பாக்கி, சுரங்கத்தையே பார்த்திராத பேரப்பிள்ளையின் நெஞ்சுவரை போகிறது. சொத்துள்ளவன் வீட்டில் நிலமும் பத்திரமும் வழிவழியாக இறங்கும். உழைப்பவன் வீட்டில் இருமலும் சொத்தைப் போல இறங்குகிறது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

இனி வருவதுதான் கொடுமையிலும் கொடுமை.

கரித்தூளை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிக்கு நுரையீரல் கெடும். கரித்தூள் படிந்து நுரையீரல் கறுத்து இறுகும் நோய் ஒன்று. அது தூசியால் மட்டுமே வருவது. நாள்பட்ட மார்ச்சளியும் மூச்சுத்திணறலும் இன்னொன்று. அது தூசியாலும் வரும், புகையிலையாலும் வரும். இந்த இரண்டாவது நோயைச் சுரங்கத் தொழில் நோய் என்று ஒப்புக்கொள்ள பிரிட்டிஷ் சர்க்கார் 1993 வரை மனம் வைக்கவில்லை. அப்போதும் இருபது வருஷம் கீழே உழைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

தொழிலாளிகள் நீதிமன்றம் போனார்கள். தேசவுடைமை வாரியத்தின் தரப்பு அங்கே என்ன வாதாடியது? "நோய் தூசியால் வந்ததல்ல, சிகரெட்டால் வந்தது!" 1998 ஜனவரியில் தொழிலாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தூசியைக் கட்டுப்படுத்தத் தவறியது வாரியத்தின் குற்றமே என்று நீதிபதி கூறினார். ஆனால் புகைத்தவர்களுக்கு நஷ்ட ஈட்டில் சிகரெட்டின் பங்கு என்று ஒரு பகுதி கழிக்கப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. பணம் வருமுன் இறந்தவர்கள் பலர். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, தொழிலாளிக்குச் சேரவேண்டிய தொகையில் கைவைத்த வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் பின்னால் தொழிலிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

தூசியின் பங்கு இவ்வளவு, புகையின் பங்கு இவ்வளவு என்று தராசு பிடித்தார்களே, அந்தத் தராசில் ஒரு கேள்வி ஏறவே இல்லை. சுரங்கத்தை மூடியபின் அவன் கூடுதலாகப் பிடித்த சிகரெட் யார் கணக்கு? வேலையைப் பறித்தவர் ஒருவர். அதனால் புகை கூடியது தொழிலாளிக்கு. அந்தப் புகையைக் காட்டி ஈட்டுத்தொகையை வெட்டினால் பழியும் தொழிலாளிக்கே! தொழிலாளியைச் சேற்றில் தள்ளிவிட்டு, சட்டையில் சேறு இருக்கிறது என்று அபராதம் போடுவது போலத்தான் இது.

அப்படியானால் புகைக்கலாமா?

கூடாது. இதைத் திட்டமாகச் சொல்ல வேண்டும். காரணத்தைப் புரிந்துகொள்வது வேறு, காரியத்துக்குச் சப்பைக்கட்டு கட்டுவது வேறு.

1950ல் ரிச்சர்டு டாலும் பிராட்போர்டு ஹில்லும் புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை வெளிப்படுத்தினார்கள். பிரிட்டிஷ் டாக்டர்களையே ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து, வாழ்நாள் முழுதும் புகைப்பவன் சுமார் பத்து வருஷம் முந்தி இறக்கிறான் என்று 2004ல் டாலும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அதே ஆராய்ச்சி நல்ல செய்தியும் சொல்கிறது: அறுபது வயதில் விட்டவனுக்கும் சுமார் மூன்று வருஷம் திரும்பக் கிடைக்கிறது, ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் விட்டால் ஒன்பது.

சிகரெட் கவலையைத் தீர்க்கிறது என்பதும் பொய். பிடித்துப் பழகியவனுக்கு, கொஞ்ச நேரம் பிடிக்காவிட்டால் நரம்பு துடிக்கும். அடுத்த சிகரெட் அந்தத் துடிப்பைத்தான் அடக்குகிறது. தானே கொடுத்த கடனுக்குத் தானே வட்டி வாங்கும் லேவாதேவிக்காரனுக்கும் இதற்கும் பேதம் இல்லை. 2024ல் பிரிட்டனில் இருபது சிகரெட் கொண்ட பெட்டி ஒன்றின் விலை 15 பவுனை ஒட்டி இருந்தது. அதில் பெரும் பங்கு வரி. கம்பெனிக்கு லாபம், கஜானாவுக்கு வருமானம், தொழிலாளிக்கு இருமல்.

பிரிட்டனில் 1974ல் பெரியவர்களில் 45 சதவீதம் பேர் புகைத்தார்கள். 2023ல் அது 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் யார் விட்டார்கள்? வசதி உள்ளவர்கள் முதலில் விட்டார்கள். மேல் உத்தியோகஸ்தர்களைவிடக் கூலி வேலைக்காரர்களிடையே புகைப்போர் விகிதம் இன்றும் இரண்டு மடங்குக்கு மேல். தொழிலாளிக்கு விட மனமில்லையா? இல்லை. டேனியல் கோட்ஸ், ராபர்ட் வெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2009ல் இங்கிலாந்தைப் பற்றி எழுதியது தெளிவானது: விட முயற்சி செய்வதில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் வேறுபாடு இல்லை, வெற்றி பெறுவதில்தான் வேறுபாடு. மனஉறுதியைப் பற்றி உபதேசம் செய்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மூடித்தான் ஆகவேண்டும் என்றால்?

நிலக்கரி எரிவதால் பூமி சூடேறுகிறது. கரியைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது விஞ்ஞானத்தின் முடிவு. சுரங்கம் என்றென்றும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. கேள்வி மூடுவதா கூடாதா என்பதல்ல. எப்படி மூடுவது, யார் விலை கொடுப்பது என்பதே.

ஜெர்மனியின் கருங்கரிச் சுரங்கங்களை மூட 2007ல் முடிவானபோது, சர்க்காரும் கம்பெனியும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பதினோரு வருஷத் தவணை வைத்தன. யாரையும் கட்டாயமாக வெளியேற்றுவதில்லை என்பது ஒப்பந்தம். வயதானவர்கள் முன்கூட்டிய ஓய்வில் போனார்கள். இளையவர்கள் வேறு தொழில் கற்றார்கள். 2018 டிசம்பர் 21ந் தேதி கடைசிச் சுரங்கம் பொட்ராப் நகரில் மூடியது. அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே அறிவிப்பில் இருபதினாயிரம் பேருக்கு இடி விழுந்த பிரிட்டனுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

வேல்ஸில் இன்னொரு உதாரணம். லாபமில்லை என்று 1994ல் மூடப்பட்ட டவர் என்ற சுரங்கத்தை, 239 தொழிலாளிகள் தலைக்கு 8,000 பவுன் போட்டுத் தாங்களே வாங்கினார்கள். வேலை நீக்கப் பணத்தையே முதலாக்கினார்கள். 1995 முதல் 2008 ஜனவரி வரை, வெட்டத் தகுந்த கரி தீரும்வரை, லாபத்தோடு நடத்திக் காட்டினார்கள். மூடியே ஆகவேண்டும் என்று நிபுணர்கள் சொன்ன சுரங்கம் பதின்மூன்று வருஷம் அந்த வீடுகளுக்குச் சோறு போட்டது.

கேட்க வேண்டியது என்ன?

இந்த ஆராய்ச்சிகள் பேராசிரியர்களின் அலமாரியில் உறங்குவதற்கு அல்ல. ஆட்குறைப்பு நோட்டீஸ் எந்த வாசலில் ஒட்டப்பட்டாலும், பேச்சுவார்த்தை மேஜையில் எடுத்து வைக்க வேண்டிய சரக்கு இவை.

மூடுவதற்கு முன்பே மாற்று வேலை. வேலைக்குப் பின் வேலை என்று இருக்க வேண்டும், வேலைக்குப் பின் பட்டினி என்று அல்ல. இது முதலாவது.

கணக்குத் தீர்க்கும் தொகையில் உடல்நலத்துக்கும் பங்கு வேண்டும். புகையை விட மருந்தும் டாக்டரின் துணையும் தேவை; அது வேலை போனவனுக்கு மட்டுமல்ல, அவன் மனைவிக்கும் சேர்த்து. வேலை போன முதல் நாளிலிருந்தே வேண்டும். பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் கொடுப்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இது இரண்டாவது.

தொழில் நோய்க்கு ஈடு கொடுக்கும்போது சிகரெட்டைக் காட்டிக் கழிப்பது கூடாது. கழித்துத்தான் ஆகவேண்டும் என்றால், வேலை பறித்ததால் கூடிய புகையை முதலாளி பக்கத்தில் கழிக்கட்டும். இது மூன்றாவது.

புகையிலை வரியாக ஏழையிடம் வாங்கும் பணத்தை, ஏழைகள் வாழும் ஊரிலேயே சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். இது நான்காவது.

தொழிற்சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. வேலை போனவனைச் சங்கப் பட்டியலிலிருந்து அடித்துவிடக் கூடாது. அவன் வீட்டுத் திண்ணையில் தனியே உட்கார்ந்து புகைப்பதற்குக் காரணம் அவனைத் தேடி வர ஆள் இல்லாமையும்தான். சங்க மண்டபம் அவனுக்கும் திறந்திருக்கட்டும். அவன் வீட்டுப் பெண்களுக்கும் திறந்திருக்கட்டும். 1984ல் பொதுச் சமையற்கூடத்தில் ஒன்றாக நின்று சோறு வடித்த பெண்கள், ஒருவருக்கொருவர் துணை என்றால் என்ன என்பதை ஒரு வருஷம் காட்டினார்கள். வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் அந்தத் துணை தேவைப்பட்டது.

"சோற்றுக்கு இல்லாதவனுக்குச் சிகரெட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?" என்று இனி யாராவது கேட்டால், வேலை போகுமுன் அந்த வீட்டில் எத்தனை சிகரெட் புகைந்தது, போனபின் எத்தனை புகைந்தது என்று திருப்பிக் கேளுங்கள். அந்த வித்தியாசத்துக்கு யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.